காட்டைப் படிப்பவருக்கு என்ன கூலி?

அகஸ்தியர்கூடம் ஏற வருகிறவர்கள் வழிகாட்டியின் கால்களுக்குத்தான் கூலி தருகிறார்கள். அவர் தலைக்குள் இருப்பதற்கு விலை வைக்க ஒரு முறை முயற்சி நடந்தது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

ஜனவரி மாத நடுவில் ஒரு நாள், விடிந்த கையோடு போனக்காடு வனத்துறைச் சோதனைச் சாவடியில் போய் நின்றால் இரண்டு விதமான கால்களைப் பார்க்கலாம். ஒரு வகைக் கால்கள் கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிய புது ஷூவுக்குள் இருக்கின்றன. இன்னொரு வகை சாதாரண ரப்பர் செருப்பில். ஷூக்காரர்கள் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். இணையதளத்தில் அனுமதிச் சீட்டுக்கு முண்டியடித்து, டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கி, மாதக்கணக்கில் மாடிப்படி ஏறிப் பழகிவிட்டு வந்திருப்பவர்கள். செருப்புக்காரர்தான் அவர்களை மேலே கூட்டிப்போகப் போகிறார்.

கேரளத்துக்கு அகஸ்தியர்கூடம், தமிழர்களுக்குப் பொதிகை. 1,868 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக முதலில் போனக்காடு வந்து சேர வேண்டும். நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர். பிறகு சுமார் இருபது கிலோமீட்டர் நடை. முதல் நாள் ஆறுகளைத் தாண்டி, புல்வெளியில் வெயில் வாங்கி, அதிருமலை முகாமில் தங்கல். அகஸ்தியர் சிலை இருக்கும் உச்சிக்கு மறுநாள் ஏற வேண்டும். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற்றம். தமிழகப் பக்கத்தில் பாபநாசம் வழியாக ஏறும் பழைய பாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதனால் தமிழ் மாமுனியைப் பார்க்க விரும்பும் தமிழர்களும் மலையாள நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள்.

யாரும் தனியாகப் போக முடியாது. பேப்பாறை, நெய்யாறு சரணாலயங்களின் காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். வழிகாட்டியைப் பேரம் பேசி அமர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. வனத்துறையின் கீழ் இயங்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. வழிகாட்டிகள் காட்டையொட்டி வாழ்பவர்கள். அவர்களில் பலர் காணிக்காரர்கள்.

கேரளத்தில் சுமார் இருபதாயிரம் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளிலும் அவர்கள் உண்டு. அவர்களது பேச்சில் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கின்றன. தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். மருத்துவமும் மந்திரமும் தெரிந்தவர் பிலாத்தி. ஓணத்தை ஒட்டித் தேனும் மூங்கில் பொருட்களுமாகக் காட்டு விளைச்சலைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குக் காணிக்கை கொண்டுவருவது அவர்களின் பழைய வழக்கம்.

பாதை தேய்ந்துதான் கிடக்கிறது, பிறகு வழிகாட்டி எதற்கு என்று நகரத்துக்காரருக்குத் தோன்றலாம். இந்தக் கேள்வி பொதிகையில் மட்டும் கேட்கப்படுவதில்லை. காஷ்மீரின் குல்மார்கில் தொங்கும் பெட்டி அபர்வத் மலையின் தோள் வரை, ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து பலகையில் நின்று பனியில் சறுக்கி இறங்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கண்காணிப்புக்கு உட்பட்ட சரிவு ஒரு பகுதிதான். அதைத் தாண்டினால் யாரும் செப்பனிடாத, காவல் இல்லாத கன்னிப்பனி. 'ஆஃப்-பீஸ்ட்' என்று ஐரோப்பியர்கள் சொல்வது இதைத்தான். பணம் கொடுத்து வழிகாட்டி அமர்த்துவது அந்த இடத்துக்காகவே.

அங்கே வழிகாட்டியின் பையில் மூன்று பொருட்கள் இருக்கும்: பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, தோண்டும் மண்வெட்டி. புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஆனால் பணம் இந்த மூன்றுக்காகத் தரப்படுவதில்லை. நேற்று இரவு காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சரிவில் புதுப்பனி பழைய பனிமேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, 'இன்று இந்தப் பக்கம் வேண்டாம்' என்று அவர் சொல்கிறாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அப்படியும் மலை யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்கில் சரிந்த பனியில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர்.

அந்த வாக்கியத்தைக் கேட்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1820 ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவத்தை ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ரஷ்ய மன்னரின் பணியிலிருந்த ஹாமெல் என்ற விஞ்ஞானி மான் பிளாங்க் சிகரத்துக்குப் போனார். வானிலை மோசமானதும் வழிகாட்டிகள் தயங்கினார்கள். அவர் விடவில்லை. கோழைத்தனம் என்ற பேச்சு எழுந்ததும் அவர்கள் நடந்தார்கள். பனி சரிந்தது. இறந்த மூவருமே வழிகாட்டிகள். ஹாமெல் பிழைத்துக்கொண்டார்.

மறு ஆண்டே, 1821இல், ஷாமொனி கிராமத்து வழிகாட்டிகள் சங்கம் அமைத்தார்கள். கூலி நிர்ணயம், முறை வைத்து வேலை, அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவி நிதி. உலகின் மிகப் பழைய வழிகாட்டிகள் சங்கம் என்று பெயர் பெற்ற அது இன்றும் இயங்குகிறது. வழிகாட்டியின் அறிவும் உயிரும் வாடிக்கையாளரின் அவசரத்துக்கு அடகு அல்ல என்று அங்கே எழுதி வைக்க மூன்று சாவுகள் தேவைப்பட்டன.

பொதிகையில் பனி இல்லை. யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, அட்டை இருக்கிறது. வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மலையை மூடிவிடும் மேகமும் உண்டு. மேலே மழை பெய்தால் நீங்கள் காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை மாலையில் உங்களைத் தாண்ட விடாது. செருப்புக்காரர் நின்று மூக்கை உறிஞ்சினால் யானை வாசனை. ஒடிந்த ஈற்றைத் தண்டைத் தொட்டுப் பார்த்தால், அது எவ்வளவு நேரத்துக்கு முன் கடந்துபோனது என்ற கணக்கு. கூட வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர் பீடி பற்றவைக்க நின்றதாக நினைத்துக்கொள்வார்கள்.

இந்த மலைக்கு ஆள் அமர்த்தி ஏறும் வழக்கம் புதிதல்ல. திருவிதாங்கூர் அரசு 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்தது. 1852இல் அதன் இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுனுக்கு ஓர் ஆசை. நகரத்திலும் ஆறாயிரம் அடி உயரத்திலும் ஒரே நேரத்தில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்து பார்க்க வேண்டும். 1850களின் நடுவில் அகஸ்தியர் சிகரத்தில் அவர் ஓர் ஆய்வகத்தையே கட்டிவிட்டார். 1874இல் வெளியான அவரது அறிக்கை விஞ்ஞான உலகில் மதிக்கப்பட்டது. காந்தமானிகளும் மரச் சட்டங்களும் தாமாக மலையேறவில்லை. காட்டை வெட்டிப் பாதை போட்டவர்களும் சுமை தூக்கியவர்களும் இருந்தார்கள். பிரவுனின் பெயரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

அதே தவறு இன்னொரு முறை நடக்க இருந்தது. அது நடக்காமல் போனதுதான் இந்த மலையின் மிகப் பிரபலமான கதை.

1987 டிசம்பர். பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் குழு அகஸ்திய மலைக்குள் நுழைந்தது. தலைமை தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன். வழிகாட்டிகள் காணிக்காரர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ களைப்பின்றி நடந்தார்கள். நடக்கும்போதே ஏதோ சிறு காய்களை எடுத்து மென்றார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் தெம்பு ஏறியதாகத் தோன்றியது. எந்தச் செடி என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத குலரகசியம் அது.

தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று விஞ்ஞானிகள் வாக்களித்த பிறகே செடி காட்டப்பட்டது. ஆரோக்கியப்பச்சை. இலை இதய வடிவம், உயரம் முழங்காலுக்கும் கீழே. தாவரவியலுக்குப் புதியதல்ல. 'சிலோனைச் சேர்ந்தது' என்று பொருள்படும் லத்தீன் பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்டு ஏடுகளில் கிடந்ததுதான். அதைத் தின்றால் களைப்பு போகும் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. காணிகளின் தலைக்குள் இருந்தது.

ஆய்வுகள் நடந்தன. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்குப் போனது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனம் தானாகவே முடிவு செய்தது.

அப்போது அப்படிக் கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 2002இல்தான். 1992இன் சர்வதேச பல்லுயிர் உடன்படிக்கை ஏட்டில் சொன்னதை ஒரு சிறிய நிறுவனம் நடைமுறையில் செய்து காட்டியது. உலக மாநாடுகளில் 'காணி மாதிரி' என்று பேச்சு அடிபட்டது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகிய வழிகாட்டிகளின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெற்றன. பிரவுனின் கூலியாட்களுக்குக் கிடைக்காதது அது.

ஆனால் பணத்தை யாரிடம் கொடுப்பது? அறிவு இரண்டு மூன்று வழிகாட்டிகளின் சொத்தா, குலத்தின் சொத்தா? 1995 செப்டம்பரிலேயே பிலாத்திகள் ஒன்பது பேர் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதை ஏற்கமாட்டோம் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பெரும்பாலும் குற்றிச்சல் பகுதிக்காரர்கள். மற்ற மலைகளின் காணிகளுக்குச் செய்தியே பிற்பாடுதான் எட்டியது. கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் 1997இல் பதிவாகி, அதன் கணக்கில் சுமார் 5 லட்சம் ரூபாய் சேர்ந்தபோது 1999 பிப்ரவரி ஆகிவிட்டது. வழிகாட்டிகள் காயைக் கொடுத்துப் பதினோரு வருஷம் கழித்து.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சத்தை இருபதாயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 25 ரூபாய்.

தொல்லை அதோடும் நிற்கவில்லை. செடிக்கு மவுசு ஏறியதும் வெளியாட்கள் காட்டுக்குள் புகுந்து வேரோடு பிடுங்கினார்கள். அரிய செடி அழிந்துவிடும் என்று வனத்துறை கெடுபிடி செய்தது. அதில் அகப்பட்டவர்கள் காணிகளும்தான். தங்கள் முன்னோர் கண்டுபிடித்த செடியைத் தாங்களே வளர்த்து விற்கவும் அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. வழிகாட்டிகள் ஏன் முதலில் வாய் திறக்கத் தயங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

இந்த மலையில் கேட்கப்படாத குரலாக அவர்கள் தங்களைக் கருதிய இன்னொரு சந்தர்ப்பம் 2019இல் வந்தது. அதுவரை பெண்கள் உச்சிக்கு ஏற விடப்படவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பாலின வேற்றுமை கூடாது என்று தீர்ப்பளித்தது. மறு ஜனவரியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் திருவனந்தபுரம் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல், தீர்ப்புக்குப் பின் ஏறிய முதல் பெண்ணானார். அகஸ்தியரைக் குலதெய்வமாகக் கும்பிடும் காணிகள், ஆண்களும் பெண்களுமாக, போனக்காட்டில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை. இன்று பெண்கள் வழக்கமாக ஏறுகிறார்கள். ஏற உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதில் இனி விவாதம் இல்லை. ஆனால் நமக்குச் சுற்றுலாவாக இருப்பது முன்னால் நடப்பவருக்குக் கோயில் என்பதும் அப்படியே இருக்கிறது.

வழிகாட்டியை வெறும் துணைக்கு வரும் ஆளாக நினைப்பதன் ஆபத்தைத் தமிழர்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். அனுமதி இருந்த பாதை ஒன்று, அவர்கள் போன பாதை வேறு என்றது அரசுத் தரப்பு. மார்ச் மாதத்துப் புல் எப்படிப் பற்றும், தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும், ஓடினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த பாடம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே ஆண்டு தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஷாமொனி கற்ற பாடம் இங்கே வந்து சேர இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது.

அகஸ்தியர்கூடம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பருவம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. அனுமதியைக் கேரள வனத்துறையின் இணையதளத்தில் பெற வேண்டும். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே இடம் என்பதால் முன்பதிவு தொடங்கிய வேகத்தில் தீர்ந்துவிடும். கட்டணமும் நிபந்தனைகளும் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. திருவனந்தபுரம் பி.டி.பி. நகரில் உள்ள வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்களுக்குத் தடை. அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று யாராவது குறைந்த ரேட் சொன்னால் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் உங்களுக்கு அபராதம், அவருக்கு வாழ்க்கையே போய்விடும்.

விதிப்புத்தகத்தில் இல்லாதவையும் உண்டு. புறப்படும்போதே வழிகாட்டியின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'போதும், திரும்பலாம்' என்று அவர் சொன்னால் லீவு போட்டு வந்த கணக்கை அவரிடம் ஒப்பிக்காதீர்கள். ஹாமெல் செய்தது அதைத்தான். அவர் நின்றால் நில்லுங்கள், பேசாதே என்று சைகை காட்டினால் பேசாதீர்கள். ஒரு செடியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டு அவர் சிரித்து மழுப்பினால், விட்டுவிடுங்கள். அது அவர் வீட்டுப் பெட்டி. திறப்பதும் மூடுவதும் அவர் இஷ்டம். திறந்து காட்டினால் அதைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்பாமல் இருப்பதும் கூலியில் ஒரு பகுதி.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் எல்லோரும் போனக்காட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். புது ஷூக்கள் கழற்றப்பட்டு, கொப்புளங்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டப்படுகிறது. உச்சியில் எடுத்த போட்டோக்கள் கைமாறுகின்றன. பெரும்பாலான படங்களில் வழிகாட்டி இருக்கமாட்டார். அவர்தான் போட்டோ எடுத்தவர். சிறிது தூரத்தில் செருப்பிலிருந்து அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார். நாளைக் காலையில் இன்னொரு குழுவோடு ஏற வேண்டும்.